படிக்கிணற்று முதல் குடம்

திருவொற்றியூர்க் கடலோரத்தில் அந்தக் குப்பத்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மேளத்தோடு படிக்கிணற்றுக்குப் போவார்கள். புருஷனோடு வாழ்கிற பெண்கள் குடத்தோடு கீழே இறங்கி, தண்ணீர் மொண்டு, இடுப்பில் சுமந்து வந்து வீட்டு அண்டாவில் கொட்டுவார்கள். மறுநாள் காலையில் மணப்பெண்ணின் தலையில் ஊற்றுவது அந்தத் தண்ணீரைத்தான். முதல் குடம் அத்தையுடையது. பெண்ணின் அப்பாவோடு கூடப் பிறந்தவள் எவளோ அவள் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தண்ணீரில் கை வைக்கலாம். கல்யாணத்தில் மாமனுக்கு மாலை உண்டு, மோதிரம் உண்டு, முன்வரிசையில் நாற்காலி உண்டு. அத்தைக்கு இந்த ஒரு குடம்தான்.

நீலாவுக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி, பொன்னுரங்கம். அவனுக்கு ஒரே பெண், ஜோதிகா. ஆக, நீலாவின் ஆயுசில் முதல் குடம் ஒரே ஒரு தடவைதான் வரும். வைகாசியில் ஜோதிகாவுக்குக் கல்யாணம் என்று நிச்சயமானதும் அவள் செய்த முதல் காரியம், பரண் மேலிருந்த பித்தளைக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்ததுதான்.

அவள் பிறந்தது இந்தக் குப்பம். வாழ்க்கைப்பட்டது எண்ணூர் நெட்டுக்குப்பம். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள், கோயிலுக்கு நடந்தார்கள், வேளாங்கண்ணிக்குக்கூட ஒரு தடவை போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். அப்புறம் ஒரு வருஷம், இருவரும் பேசி வைத்துக்கொள்ளாமலேயே நடப்பதை நிறுத்திவிட்டார்கள். புருஷன் கிருஷ்ணப்பன் ஆற்றில் இறால் பிடித்தவன். ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து இறால் அற்றுப்போன பிறகு ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கப் போகிறான். “எறா புடிச்ச கை இப்போ வெண்டிக்கா புடிக்குது” என்று யாராவது கேட்பதற்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான். நீலா மீன் விற்கிறாள். காசிமேட்டில் ஏலத்தில் எடுத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் கூடையை இறக்குவாள். குரல் கொஞ்சம் கட்டைக் குரல். அதுவே விளம்பரம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். ஆம்பிளைகள் வீட்டோடு இருப்பார்கள். அதனால் குப்பத்துக் கல்யாணங்கள் எல்லாம் அந்த ரெண்டு மாதத்தில்தான். பொன்னுரங்கம் வீட்டு வாசலிலும் பந்தக்கால் நட்டாயிற்று. நீலா வியாபாரத்தை முடித்துக்கொண்டு, கூடை கழுவின கையோடு ஒரு நாள் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி பெண்டாட்டி தேசராணி முறத்தில் மஞ்சள் துண்டுகளைக் காயப்போட்டுக் கொண்டிருந்தாள்.

“அண்ணி, இந்தத் தண்ணி எடுக்கற வேலையெல்லாம் வேணாம்னு உட்டுட்டோம்,” என்றாள், மஞ்சளைப் பார்த்தபடியே. “அந்தக் கெணத்தத் தூத்துட்டாங்களாம். கண்டெய்னர் யார்டுக்காரன் மண்ணடிச்சு மூடிட்டானாம். கேன் தண்ணி சொல்லிக்கலாம்னு உங்க தம்பி சொன்னாரு.”

“கேன் தண்ணியா?”

“பில்டரு தண்ணி அண்ணி. பொண்ணுக்குத் தலமுடி கொட்டாது.”

“கேன யாரு தூக்கினு வருவா? அந்த மூணு சக்கர வண்டிக்காரனா? அவனுக்கா அத்த மொற?”

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். தேசராணியும் சிரித்தாள். வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் மட்டும் சிரிக்கவில்லை. தூண்டில் விழுங்கின மீன் மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்தான்.

நீலா அதைக் கவனித்தாள். ஆனால் கவனித்ததை வைத்துக்கொண்டு யோசிக்கிற சுபாவம் அவளுக்கில்லை. காசிமேட்டில் ஒரு படகு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வருத்தப்பட மாட்டாள். வேறு எந்தப் படகு வந்திருக்கிறது என்று பார்ப்பாள். கிணறு இல்லை என்கிறார்கள். இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்த்தால் போயிற்று.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது கிருஷ்ணப்பனிடம் சொன்னாள்.

“அவங்களே வேணான்றாங்க. உட்டுடேன் மே,” என்றான் அவன்.

“வேணான்னு எங்கயா சொன்னாங்க? கெணறு இல்லன்னுதான் சொன்னாங்க.”

கிருஷ்ணப்பன் எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு ஒரு பெரிய கவளமாக உருட்டிப் போட்டு வாயை அடைத்துக்கொண்டான்.

மறுநாள் சரக்கு சீக்கிரம் தீர்ந்தது. தடைக்காலத்தில் வருகிற மீனே கொஞ்சம். வந்தது வந்த விலைக்குப் போய்விடும். வெறும் கூடையோடு பஸ் ஏறித் திருவொற்றியூரில் இறங்கி, டிரெய்லர் லாரிகள் வாலைப் பிடித்த மாதிரி வரிசையாக நிற்கிற ரோட்டில் நடந்தாள். தகரக் கதவு போட்ட யார்டு. கதவைத் தட்டினால் காக்கிச் சட்டையில்லாமல் பனியனோடு ஓர் ஆள் எட்டிப் பார்த்தான்.

“யாரும்மா அது? உள்ள வரக் கூடாது. மேலேருந்து எதுனா உழுந்தா கேஸு எம் மேல.”

“கெணத்தப் பாக்கணும்.”

“எந்தக் கெணறு?” என்று கேட்டவன், அவள் குரலைக் கேட்டுவிட்டு முகத்தைச் சாய்த்துப் பார்த்தான். “இரு இரு. நீ எம்.கே.பி. நகரு ரேஷன் கடையாண்ட குந்தற நெத்திலிக்கார அக்கா இல்ல? எம் பொண்டாட்டி உன்னத் தேடிகினு கீறா. போன வாரம் குடுத்த சங்கரா மீனுல பாதி செவுளு வெளுத்துப் போச்சாம்.”

“ஆக்கித் தின்னுட்டுத்தானே தேடுறா?”

“அது தின்னாச்சு.”

“அப்போ தேடட்டும்.”

அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார்டு வாச்மேன். பெயர் செங்குட்டுவன். அவனும் எம்.கே.பி. நகர்க் குடியிருப்புக்காரன்தான். கதவைத் திறந்து விட்டான்.

யார்டின் பின்கோடியில், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கின துருப்பிடித்த கண்டெய்னர்களுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. சந்து முடிகிற இடத்தில் நாலு கல்தூண். அதில் இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டி, செங்குட்டுவன் தன் காக்கிச் சட்டையைக் காயப்போட்டிருந்தான். தூண்களைத் தாண்டினதும் தரை கீழே இறங்கத் தொடங்கிற்று. ரெண்டு பக்கமும் கருங்கல் சுவர் நிற்க, படிகள் ஒரு தெரு போல நேராகக் கீழே போயின. சுவரில் வேர்விட்ட அரசங்கன்று ஒன்று குடை மாதிரி மேலே கவிந்திருந்தது. மண்ணடித்து மூடினது என்பதெல்லாம் பொய். மேல்படிகளில் இலைச் சருகும் பிளாஸ்டிக் டம்ளரும்தான் கிடந்தன.

“யாரு கட்டினதுபா இது?” என்றாள், பேச்சுக்கு.

“ஒரு தபா கேமரா மாட்டிகினு நாலு பேரு வந்தாங்கக்கா. ஒருத்தன் பல்லவன் கட்டினதுன்னான், இன்னொருத்தன் சோழன் கட்டினதுன்னான். சண்ட போட்டுகினே டீ குடிக்கப் போனாங்க. திரும்பி வரவேயில்ல.”

“யார் ஜெயிச்சாங்களாம்?”

“டீக்கடைக்காரன்.”

நீலா செருப்பை மேலே விட்டுவிட்டு இறங்கினாள். இறங்க இறங்க டிரெய்லர்களின் ஹாரன் சத்தம், யாரோ கம்பளியைப் போட்டு மூடின மாதிரி மெலிந்துகொண்டே போயிற்று. உடம்பில் ஒட்டியிருந்த வைகாசிப் புழுக்கம் போய், கல்லிலிருந்து ஒரு குளிர்ச்சி கணுக்காலில் ஏறியது. கீழே ஒரு கல் வாசல். வாசல் மேலே உட்கார்ந்த நிலையில் ஒரு பெண் உருவம், ரெண்டு பக்கமும் யானை. எப்போதோ யாரோ வைத்த குங்குமம் கறுத்துப்போய் அவள் நெற்றியில் ஒட்டியிருந்தது. பக்கத்துத் தூணில் ஒரு மீன் செதுக்கியிருந்தது. நீலா தொழில் புத்தியில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கெண்டை என்று சொல்லலாம். ஆனால் துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. செதுக்கினவன் மீன் தின்னாத வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலைத் தாண்டினால்தான் கிணறு. சதுரமாக, மேலே வானம் ஒரு துண்டு தெரிய, அதிலிருந்து வெளிச்சம் இறங்கிச் சுவரில் பாதிவரை வந்து நின்றது. கற்பொந்துகளில் புறாக்கள். உள் இடுக்கில் வௌவால் நாற்றம். தண்ணீர் வழக்கத்தைவிட இறங்கித்தான் இருந்தது. ஆனால் இருந்தது. மழைக்காலத்தில் முங்கிக் கிடக்கிற படிகள் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு வெளியே தெரிந்தன. கடைசிப் படியில் பாசி. மேலே மிதந்த தெர்மாகோல் துண்டையும் ஒற்றைச் செருப்பையும் கையால் ஒதுக்கிவிட்டு அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரிக்கவில்லை. எண்ணெய் வாடை இல்லை. கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில், இத்தனை லாரிகளுக்குக் கீழே, ரோட்டோரக் குழாயில் வராத தண்ணீர் இங்கே சும்மா கிடந்தது.

அவளுடைய கல்யாணத்துக்கும் இங்கேதான் எடுத்தார்கள். அவள் அத்தை படி ஏறி முடிக்கிற வரைக்கும் முனகிக்கொண்டே வந்தாள் என்பது மட்டும் நினைவிருந்தது. அந்த அத்தை இப்போது இல்லை. படிகள் இருந்தன. அவற்றை யார் கட்டினார்கள் என்பதைப் பற்றி நீலா அதற்குமேல் யோசிக்கவில்லை. நிறைகுடத்தோடு ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்றுதான் யோசித்தாள். வாசலுக்குக் கீழே ஒரு படி உடைந்து பாதிதான் இருந்தது. அங்கே இடது பக்கச் சுவரில் பிடிமானத்துக்கு ஒரு துருத்தல் கல் இருந்தது. இடது கை பிடிக்குப் போய்விடும், ஆக குடம் வலது இடுப்பில். இல்லாத குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தடவை மேலே வரைக்கும் ஏறிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, இடுப்பு புடிச்சுகிச்சா?” என்றான் செங்குட்டுவன்.

“கல்யாணத்துக்குத் தண்ணி எடுக்கணும்பா. என் தம்பி பொண்ணு. மேளம், பொம்பளைங்கன்னு வருவாங்க. தெறந்து உடுவியா?”

அவன் காதைச் சொறிந்தான். “ஓனருக்குத் தெரிஞ்சா பேஜாரு. நீ வந்தா தெறப்பேன். வேற யாரு வந்தாலும் சாவி ஓனராண்ட கீதுன்னு சொல்லிடுவேன். உன்னத் தெரியும், உன் மீனத் தெரியும். மத்தவங்க யாரு, இன்னான்னு எனக்கு இன்னா தெரியும்?”

“செவுளு செவந்த சங்கரா ஒண்ணு எடுத்தாறேன்.”

“சின்னதா இருக்கப் போவுது.”

வாட்டர் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். போனில் நாலைந்து படம் எடுத்தாள். நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். ஜோதிகா கையில் மருதாணிக் கோனோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். நீலா பாட்டிலைத் தேசராணி முன்னால் வைத்தாள்.

“குடிச்சுப் பாரு. கல்கண்டு. மூடவுமில்ல தூத்தவுமில்ல, கெணறு அப்டியே கீது. எந்தப் பேமானி சொன்னான் உங்களுக்கு மூடிட்டாங்கன்னு?”

யாரும் பாட்டிலைத் தொடவில்லை. ஜோதிகா போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“அத்த! இன்னா இடம் இது? செமயா கீது! நம்ம ஊர்லயா? ஜேக்கப் அண்ணன் பாத்தா உட மாட்டாரு.” ஜேக்கப் என்பது கல்யாணத்துக்குச் சொல்லியிருந்த போட்டோக்காரர். “அம்மா, கேன் தண்ணியெல்லாம் கேன்சல் பண்ணு. இங்கதான் எடுக்கறோம். நான் அவருக்கு அனுப்பிட்டேன்.”

“மாப்பிளைக்கே அனுப்பிட்டியா?” என்றாள் தேசராணி.

அந்தக் கேள்வியில்தான் நீலாவுக்கு உறைத்தது. விலை சொல்கிறவள் முகமும் விலையை மறைக்கிறவள் முகமும் அவளுக்குத் தெரியும். நாள் பூரா பார்க்கிற முகங்கள்தானே. தேசராணி பெண்ணிடம் கடைக்குப் போய் டீத்தூள் வாங்கி வரச் சொன்னாள். டீத்தூள் டப்பா அடுப்பு மேடையில் நிறைய இருந்தது. ஜோதிகா போனைப் பார்த்துக்கொண்டே போனாள்.

“அக்கா, உனக்கு எதுக்கு இந்த வேல?” என்றான் பொன்னுரங்கம், சுவரைப் பார்த்து.

“இன்னாடா வேல?”

தேசராணிதான் பேசினாள்.

“மாப்பிள வூட்டம்மா நிச்சயத்தன்னிக்கே கேட்டாங்க அண்ணி. மொதக் கொடம் யாரு எடுப்பாங்கன்னு. எங்க நாத்தனாருன்னு சொன்னேன். அவங்களுக்குப் புள்ளைங்க எத்தினின்னு கேட்டாங்க.” முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “புள்ள பெத்தவ கையால எடுத்தாதான் எங்க வூட்டுக்கு ஆவும்னுட்டாங்க. நான் இன்னா சொல்றது? தண்ணியே எடுக்கலன்னா யாரு மனசும் நோவாது, யாரும் யாரையும் கேக்க மாட்டாங்கன்னு பாத்தேன். கெணறு இல்லன்னு சொன்ன பேமானி நாந்தான்.”

நீலா பாட்டிலைப் பார்த்தாள். அடியில் ஒரு சிட்டிகை மண் படிந்திருந்தது. அவளை ஒன்றும் சொல்லக் கூடாதென்று இவர்கள் ஒரு கிணற்றையே மூடியிருக்கிறார்கள். வேலை மெனக்கெட்டுப் போய் அதைத் திறந்துவிட்டு வந்தது அவள்.

“அப்போ யாரு எடுக்கறது?”

“ஷாலுவத்தான் சொல்லணும்.” ஷாலு, தேசராணியின் தங்கை. “அவளுக்கு ரெண்டும் பசங்க.”

அதற்குள் ஜோதிகா டீத்தூளோடு வந்துவிட்டாள். ஷாலு பெயர் காதில் விழுந்திருக்க வேண்டும். “ஷாலு சித்தியா எடுக்கறாங்க? எடுக்கட்டும். யாரு எடுத்தா இன்னா, லைட்டு நல்லா இருக்கும்போது போவணும்,” என்றாள்.

“ஒரு படி ஒடஞ்சு கீது. பாத்து எறங்கச் சொல்லு,” என்று நீலா எழுந்தாள்.

பொன்னுரங்கம் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தான். பஸ் வந்ததும், “கம்பியப் புடிச்சுக்கோக்கா,” என்றான்.

வீட்டுக்கு வந்து கிருஷ்ணப்பனைக் கேட்டாள். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்னும் இல்ல. தெரியாதுன்னும் இல்ல.”

அன்றைக்கு அவன் தட்டில் மீன் தலை விழவில்லை. வழக்கமாகத் தலை அவனுக்குத்தான். அவன் கேட்கவுமில்லை. சாப்பிட்டு முடித்ததும், பளபளவென்று கூடத்தில் உட்கார்ந்திருந்த குடத்தை அவளே தூக்கிப் பரணில் வைத்தாள். வைத்தவள் இறங்காமல் ஸ்டூல் மேலேயே கொஞ்ச நேரம் நின்றாள். “எறங்கு மே, ஸ்டூலு ஆடுது,” என்று கிருஷ்ணப்பன் வந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டான்.

கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது என்ற பேச்சே அவள் மனதில் வரவில்லை. போகாவிட்டால் ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும். இப்போது மூன்று நாலு பேருக்குத் தெரிந்தது குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும். போய், பின்வரிசையில் உட்கார்ந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் சுலபம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது தேசராணி எம்.கே.பி. நகருக்கே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். நீலா யாருக்கோ கவளை மீன் ஆய்ந்து கொண்டிருந்தாள்.

“அந்த வாச்மேன் தெறக்க மாட்டேன்றான் அண்ணி. சாவி ஓனராண்ட கீதாம். நெத்திலிக்கார அக்கா வந்தா மட்டும் தெறப்பானாம்.”

“இத்தச் சொல்லவா இம்மாந்தூரம் வந்த? போன் பண்ணக் கூடாது?”

“எந்த மூஞ்ச வெச்சுகினு போன் பண்றது?”

“போன்ல மூஞ்சி தெரியாதே.”

மீன் வாங்க நின்றவள் சிரித்துவிட்டாள். தேசராணிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நீலா செதிலை வழித்துப் போட்டாள்.

“வரேன். கேட்டத் தெறக்கத்தானே.”

தேசராணி போகாமல் நின்றாள். “அப்பால... ஷாலுவாண்ட பிளாஸ்டிக் கொடந்தான் கீது. அந்தப் பித்தளக் கொடம்...”

நீலா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். “தேச்சுத்தான் வெச்சு கீறேன்,” என்றாள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வெயில் இன்னும் தணியாத நேரத்தில் மேளத்தோடு வந்தார்கள். செங்குட்டுவன் அன்றைக்குக் காக்கிச் சட்டை போட்டிருந்தான். மேல்படிகளைப் பெருக்கி வைத்திருந்தான். நீலா கதவைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு, பித்தளைக் குடத்தை ஷாலு கையில் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் அவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். “நீ போவல?” என்றான் அவன். “எனக்கு முட்டி வலி,” என்றாள்.

ஷாலு பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கூடவே மற்றப் பெண்கள். மேளம் முழங்கிற்று. அந்தச் சத்தம் கல் சுவரில் மோதிக் கீழே போனதும் புறாக்களும் வௌவால்களும் ஒரே நேரத்தில் புகை மாதிரி கிளம்பி மேலே வந்தன. ஷாலு போட்ட அலறலில் மேளக்காரர் நிறுத்திவிட்டார். குடம் படியில் உருண்டு, சுவரில் இடித்து நின்றது.

“அக்கா, நான் மாட்டேன்! உள்ள இருட்டா கீது. பாம்பு கீம்பு இருக்கும். எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது!”

“அதுக்குத்தாண்டி உன்ன எறங்கச் சொல்றோம்,” என்று யாரோ ஒரு கிழவி சொன்னாள். சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் இறங்கவில்லை. ஒருத்தி கல் வாசல் வரை போய் எட்டிப் பார்த்து, “கலீஜா நாறுது” என்று ஏறி வந்துவிட்டாள். போட்டோக்காரர் ஜேக்கப் தொந்தியைப் பிடித்துக்கொண்டு, லைட்டு போகிறது, லைட்டு போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜோதிகா ரெண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

தேசராணி கண்டெய்னர் சந்து வழியாக நடந்து கதவண்டை வந்தாள். வேர்வையில் பொட்டு கலைந்திருந்தது.

“அண்ணி.”

“இன்னா?”

“கேட்ட மட்டும் தெறந்தா பத்தாது போல கீது.”

நீலா அசையவில்லை. “மாப்பிள வூட்டம்மா?”

“அவங்க காசிமேட்டுல கீறாங்க. கெணத்துல இல்ல.”

நீலா எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முட்டி வலியைப் பற்றிச் செங்குட்டுவன் ஒன்றும் கேட்கவில்லை.

நசுங்கின குடத்தை எடுத்துக்கொண்டு அவள் இறங்கினாள். மேளம் வேண்டாம் என்று கையால் காட்டினாள். பின்னாலேயே ஜேக்கப் மூச்சு வாங்க இறங்கி, கல் வாசலுக்கு எதிரே, மேல்படி ஒன்றின் ஓரத்தில் கேமராவோடு ஒண்டிக்கொண்டார். மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து, வெற்றிலை விட்டு, கற்பூரம் கொளுத்தினாள். குடத்தைச் சாய்த்தாள். அது குடித்து முடிக்கிற வரைக்கும் அந்தச் சதுரத்துக்குள் அந்த ஒரு சத்தம்தான். வலது இடுப்பில் ஏற்றினாள். இடது கை துருத்தல் கல்லைத் தேடிப் பிடித்தது. உடைந்த படியைத் தாண்டினாள். கனம் அவள் நினைத்ததைவிட அதிகம். அன்றைக்கு ஏறிப் பார்த்தபோது குடம் இல்லையே. அத்தை ஏன் முனகினாள் என்று இப்போது தெரிந்தது. அவளும் முனகிக்கொண்டே ஏறினாள்.

மேல்படியில் ஷாலு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். நீலா ஒரு படி கீழே நின்று மூச்சு வாங்கினாள். தண்ணீர் தளும்பி அவள் புடவையை நனைத்தது. தேசராணி அவளைப் பார்க்காமல் அரசங்கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கிக்கோ,” என்றாள் நீலா. “இடுப்புல அமுக்கி வெச்சுக்கோ. மெதுவா நட. கனம்.”

ஷாலு வாங்கிக்கொண்டாள். மேளம் பிடித்துக்கொண்டது. மற்றக் குடங்களை யார் மொள்வது என்ற கேள்வி வந்ததும், “வந்ததுதான் வந்துட்டேன், குடுங்க” என்று நீலா மறுபடி இறங்கினாள். அவள் மொண்டு கொடுக்க, படியில் வரிசையாக நின்று கைமாற்றி ஏற்றினார்கள். ஊர்வலம் ரோட்டைத் தாண்டிப் போன பிறகு, கால் கழுவிக்கொண்டு கடைசியாக மேலே வந்தாள். கூடையில் வாழையிலையில் சுற்றி வைத்திருந்த சங்கராவை எடுத்துச் செங்குட்டுவனிடம் கொடுத்தாள். அவன் இலையைப் பிரித்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.

மறுநாள் காலை தலையில் தண்ணீர் விழுந்ததும் ஜோதிகா, “ஐயோ, இன்னாமா ஐஸ் மாரி கீது!” என்று கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டது. முதல் குடம் யார் எடுத்தது என்று மாப்பிள்ளை வீட்டம்மா மண்டபத்தில் கேட்டபோது, “ஷாலுதான் எடுத்தாந்தா, ஊரே பாத்துச்சே” என்றாள் தேசராணி. ஊர் பார்த்ததும் நிஜம்தான்.

ஆடிக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டம்மா பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்தாள். படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. நீலா நல்ல வஞ்சரமாக எடுத்து வந்து, அடுக்களையில் துண்டு போட்டுக் கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் கல்யாண ஆல்பமும் வந்திருந்தது. தேசராணி பிரித்துக் காட்ட, சம்பந்தியம்மா பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்கத்தில் கை நின்றது. ஜேக்கப் அந்த ஒரு படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெரிதாகப் போட்டிருந்தார். கல் வாசல், மேலே யானைகளோடு உட்கார்ந்த பெண், கீழே படியில் ஒரு காலும் அடுத்த படியில் ஒரு காலுமாக, வலது இடுப்பில் குடத்தோடு ஒருத்தி. வெளிச்சம் சரியாக அவள் முகத்தில் விழுந்திருந்தது. முனகுகிற முகம்.

“இது யாரு?”

“எங்க நாத்தனாரு,” என்றாள் தேசராணி. “கெணத்துல தண்ணி கீதா இல்லியான்னு பாக்கப் போனாங்க.”

“இடுப்புல கொடம் கீதே?”

“தண்ணி பாக்கப் போறவங்க வெறுங்கையோடயா போவாங்க?”

சம்பந்தியம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டு போனாள். “தளும்புது.”

தேசராணி பக்கத்தைத் திருப்பினாள். “இதப் பாருங்க, உங்க புள்ள தாலி கட்டறது. எப்டி சோக்கா கீறாரு.”

அடுக்களையில் கத்தி ஒரு கணம் நின்று, மறுபடி வெட்டத் தொடங்கிற்று.

“தேசராணி,” என்று உள்ளேயிருந்து அந்தக் கட்டைக் குரல் வந்தது. “புளி கரச்சு வெச்சியா இல்லியா?”

“தோ வந்துட்டேன் அண்ணி,” என்று தேசராணி எழுந்தாள்.